மார்ட்டின் பால்சம்: வேலைக்குப் போகும் மனிதர்களை நடித்தவர்

கேள்வி: '12 ஆங்ரி மென்', 'சைக்கோ' இரண்டையும் அடுத்தடுத்துப் பார்த்தேன். முதல் படத்தில் ஜூரிகளின் தலைவராக வருபவரும், இரண்டாவது படத்தில் மாடிப்படியில் கத்திக்குத்து வாங்கும் துப்பறிவாளரும் ஒரே ஆள்தானா? யார் இவர்? ஆஸ்கார் வாங்கியவர் என்கிறார்கள். அப்படியானால் ஏன் பெரிய நட்சத்திரமாகவில்லை?

பதில்:

ஒரே ஆள்தான். பெயர் மார்ட்டின் பால்சம். 1919 நவம்பர் 4 அன்று நியூயார்க்கின் பிராங்ஸ் பகுதியில் பிறந்தவர். 1996 பிப்ரவரி 13 அன்று ரோம் நகரில், 76 வயதில் காலமானார். நீங்கள் பார்த்த இரண்டு படங்களுக்கும் நடுவே மூன்று வருட இடைவெளிதான். அப்படியிருந்தும் ஒரே ஆள்தானா என்று உங்களுக்குச் சந்தேகம் வந்திருக்கிறது. அவர் காதில் விழுந்திருந்தால் சந்தோஷப்பட்டிருப்பார் என்றே நினைக்கிறேன்.

குணச்சித்திர நடிகர் என்று ஒரே வார்த்தையில் சொல்லிவிடலாம், ஆனால் எனக்கு அது போதாது. பால்சம் திரையில் நடித்தவர்கள் கிட்டத்தட்ட எல்லாருமே ஏதோ ஒரு வேலை பார்ப்பவர்கள். பள்ளிக்கூட விளையாட்டுப் பயிற்சியாளர், தனியார் துப்பறிவாளர், சின்ன ஊரின் போலீஸ் தலைவர், நடிகர்களுக்கு வாய்ப்புப் பிடித்துத் தரும் ஏஜென்ட், ஜனாதிபதியின் உதவியாளர், கடற்படை அட்மிரல், வேலை போன சுரங்க ரயில் ஓட்டுநர், பத்திரிகையின் நிர்வாக ஆசிரியர். அவர் வந்து நின்ற சில நொடிகளிலேயே, இந்த ஆள் இந்த வேலையைப் பல வருடமாகச் செய்கிறார், இதில் அலுத்தும் போயிருக்கிறார், உள்ளுக்குள் கொஞ்சம் பெருமையும் வைத்திருக்கிறார் என்று நமக்குப் புரிந்துவிடும். இந்த ஒரு விஷயத்தில் அவருக்கு இணையாக அந்தக் கால அமெரிக்க சினிமாவில் நான் மிகச் சிலரைத்தான் சொல்வேன். அது எங்கிருந்து வந்தது என்று பார்த்தால்தான் உங்கள் கடைசிக் கேள்விக்குப் பதில் கிடைக்கும்.

யூதக் குடும்பம். அப்பா பெண்களுக்கான ஆயத்த ஆடைத் தொழிலில் இருந்தவர். மகன் பிராங்ஸில் டிவிட் கிளின்டன் உயர்நிலைப் பள்ளியில் படிக்கும்போதே நாடகக் குழுவில் சேர்ந்துவிட்டார். பிறகு ஜெர்மனியிலிருந்து வந்திருந்த நாடக இயக்குநர் எர்வின் பிஸ்கேட்டரிடம் நியூயார்க்கில் பாடம் கேட்டார். இரண்டாம் உலகப் போர் வந்தது. ராணுவத்தின் விமானப் பிரிவில் பணி. போர் முடிந்து திரும்பியபோது நியூயார்க் நாடக உலகத்தில் ஒரு பெரிய மாற்றம் தொடங்கியிருந்தது. 1947-ல் எலியா கசான், செரில் கிராஃபோர்ட், ராபர்ட் லூயிஸ் மூவரும் சேர்ந்து 'ஆக்டர்ஸ் ஸ்டூடியோ'வைத் தொடங்கினார்கள். மார்லன் பிராண்டோவோடு சேர்த்து நாம் நினைக்கிற அந்த நடிப்பு முறைக்கு அதுதான் பட்டறை. பால்சம் அதன் ஆரம்பக்கால உறுப்பினர்களில் ஒருவர். நியூயார்க்கின் பெரிய நாடக அரங்குகள் இருக்கும் பிராட்வேயில், டென்னஸி வில்லியம்ஸ் எழுதிய நாடகங்களில் சின்னச் சின்ன வேடங்கள் கிடைத்தன. கசான் இயக்கிய 'ஆன் த வாட்டர்ஃப்ரண்ட்' படத்தில், 1954-ல், விசாரணை அதிகாரிகளில் ஒருவராகக் கொஞ்ச நேரம் வந்துபோவார். டைட்டிலில் பெயர்கூட இருக்காது.

ஆனால் அவரை உண்மையில் உருவாக்கியது மேடையோ சினிமாவோ அல்ல, நேரடித் தொலைக்காட்சிதான் என்பது என் கருத்து. 1950-களின் நியூயார்க்கில் வாரம் முழுக்க ஏதாவது ஒரு நாடகம் டி.வி.யில் நேரடியாகப் போய்க்கொண்டிருக்கும். ஒரு மணி நேர நாடகத்துக்குச் சில நாள் ஒத்திகை, ஒளிபரப்பு நாளில் ஒரே ஓட்டம். தப்பு செய்தால் திரும்ப எடுக்க முடியாது. ஒரு அறைக் காட்சி முடிந்ததும் நடிகர் கேமராக்களின் முதுகுப் பக்கமாக அடுத்த செட்டுக்கு ஓடி, கோட்டை மாற்றிக்கொண்டு, மூச்சு வாங்காமல் வசனம் பேச வேண்டும். திரையோ சின்னது. அதனால் எல்லாம் முகத்துக்கு அருகிலேயே நடக்கும். மேடையில் செய்கிற மாதிரிக் கையை வீசினால் எடுபடாது. துணை வேடத்தில் வருபவருக்கு நாலு வரிதான் இருக்கும். அந்த நாலு வரிக்குள் ஒரு முழு மனிதனைக் கொண்டுவர வேண்டும்.

இந்தப் பயிற்சி பால்சமுக்கு இரண்டு விதத்தில் உதவியது. ஒன்று, நடிப்பில் சிக்கனம். இன்னொன்று, ஆட்கள் பழக்கம். பிற்பாடு அவருக்கு நல்ல வேடங்கள் கொடுத்த இயக்குநர்களின் பெயர்களைப் பாருங்கள்: சிட்னி லூமெட், டெல்பர்ட் மான், ஜான் ஃபிராங்கன்ஹைமர், ஃபிரெட் கோ, ஆர்தர் பென், மார்ட்டின் ரிட். எல்லாருமே நியூயார்க் நேரடித் தொலைக்காட்சியில் வேலை கற்றவர்கள். அவர்கள் சினிமாவுக்குப் போனபோது, நம்பி ஒப்படைக்கலாம் என்று தெரிந்த நடிகர்களையும் கூடவே அழைத்துக்கொண்டு போனார்கள். பால்சம் முப்பது, நாற்பது வருடம் வேலை இல்லாமல் உட்காராததற்கு இது ஒரு முக்கியமான காரணம்.

'12 ஆங்ரி மென்' இந்த வரலாற்றின் நடுவில் இருக்கிற படம். ரெஜினால்ட் ரோஸ் அதை முதலில் 1954-ல் 'ஸ்டூடியோ ஒன்' என்ற தொடருக்காக நேரடித் தொலைக்காட்சி நாடகமாக எழுதினார். அதில் ஜூரி தலைவராக நடித்தவர் நார்மன் ஃபெல். 1957-ல் ஹென்றி ஃபோண்டாவும் ரோஸும் தயாரிக்க, லூமெட்டின் முதல் படமாக அது வந்தபோது அந்த வேடம் பால்சமுக்கு வந்தது. இரண்டு வாரம் ஒத்திகை, மூன்று வாரத்துக்குள் படப்பிடிப்பு. டி.வி.க்காரர்களுக்குப் பழக்கமான வேகம்தான்.

அந்த வேடத்தைத் திரும்ப ஒருமுறை கவனித்துப் பார்க்கச் சொல்வேன். ஒரு கொலை வழக்கில் தீர்ப்பு சொல்ல ஒரே அறையில் உட்கார்ந்திருக்கும் பன்னிரண்டு ஜூரிகளில் ஒன்றாம் எண்காரர் அவர். ஃபோண்டாவுக்கு மனசாட்சி இருக்கிறது, லீ ஜே. காபுக்குக் கோபம் இருக்கிறது, எட் பெக்லிக்கு வெறுப்பு இருக்கிறது, ஈ. ஜி. மார்ஷலுக்குத் தர்க்கம் இருக்கிறது. பால்சமுக்குக் கொடுக்கப்பட்டது கூட்டம் நடத்துகிற வேலை. சீட்டு கிழிப்பது, வாக்கு எண்ணுவது, அடுத்து யார் பேசுவது என்று சொல்வது. வேறு நடிகர் என்றால் இதை ஒரு அறிவிப்பாளர் வேடமாக்கியிருப்பார். பால்சம் என்ன செய்கிறார் என்றால், தனக்குக் கிடைத்த இந்தச் சின்னப் பொறுப்பை ஒழுங்காகச் செய்ய வேண்டும் என்று ஆசைப்படுகிற, ஆனால் யாராவது குறை சொல்லிவிடுவார்களோ என்று உள்ளுக்குள் பயப்படுகிற ஒரு ஆளைக் காட்டுகிறார். ஒரு இடத்தில் இன்னொரு ஜூரி, சின்னப் பையன் மாதிரி நடந்துகொள்ளாதே என்கிற ரீதியில் எரிந்து விழுகிறார். உடனே பால்சம், வேண்டுமானால் நீயே வந்து இந்த நாற்காலியில் உட்கார் என்று சீறுகிறார். அந்த ஒரு நிமிடத்தில் முகத்தில் ஏறுகிற அவமானம் உண்மையானது. அலுவலகக் கூட்டங்களில் இந்த முகத்தை நாம் எல்லாரும் பார்த்திருக்கிறோம்.

மழை கொட்டும்போது ஜன்னல் அருகே நின்று ஃபோண்டாவிடம் பேசுகிற இடம் இன்னும் நல்லது. குவீன்ஸில் ஒரு பள்ளியில் கால்பந்து உதவிப் பயிற்சியாளராக இருப்பதைச் சொல்கிறார். அங்கே விளையாடுவது அமெரிக்கக் கால்பந்து. ஒரு ஆட்டத்தில் தன் பையன்கள் சரியாக முன்னேறத் தொடங்கிய நேரத்தில் மழை பிடித்துக்கொண்டது, எல்லாம் வீணாகிப்போனது, அழுகையே வந்துவிட்டது என்கிறார். கதைக்கு இது தேவையே இல்லை. வழக்குக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. ஆனால் இந்த ஆள் ஞாயிற்றுக்கிழமை எப்படி இருப்பார், பையன்களிடம் எப்படிப் பேசுவார் என்பதெல்லாம் அதில் வந்துவிடுகிறது. அப்புறம், குற்றவாளி இல்லை என்ற பக்கத்துக்கு ஒன்பதாவது ஆளாக அவர் மாறுகிறார். அதற்கு எந்த விளக்கமும் கொடுப்பதில்லை. கையைத் தூக்குகிறார், அவ்வளவுதான். விளக்கம் சொல்லாத அந்தக் கையை நான் நம்புகிறேன், ஏனென்றால் அதற்கு முன்பு வரை அவர் மற்றவர்கள் பேசுவதைக் கேட்டுக்கொண்டே இருந்ததை நாம் பார்த்திருக்கிறோம்.

'சைக்கோ'வுக்கு வருவோம். 1960-ல் வந்த இந்தப் படத்தை ஹிட்ச்காக் பெரும்பாலும் தன் தொலைக்காட்சித் தொடரின் குழுவை வைத்து, சுமார் எட்டு லட்சம் டாலர் செலவில் எடுத்தார். இங்கேயும் டி.வி. வாசனைதான். பால்சமின் பெயர் ஆர்போகாஸ்ட். நாற்பதாயிரம் டாலரோடு காணாமல் போன பெண்ணைத் தேடி வந்த தனியார் துப்பறிவாளர். விடுதி விடுதியாக ஏறி இறங்கி, விளம்பர விளக்குகளைப் பார்த்துப் பார்த்துக் கண் பூத்துப்போய் அவர் வருகிறார்.

எல்லாரும் மாடிப்படியைப் பற்றியே பேசுகிறார்கள். என்னைக் கேட்டால், அதற்கு முன்பு விடுதி வரவேற்பறையில் ஆண்டனி பெர்கின்ஸும் இவரும் பேசிக்கொள்கிற காட்சிதான் படத்தின் சிறந்த நடிப்பு. ஒருவர் பேசி முடிக்கும் முன்பே இன்னொருவர் பேசத் தொடங்குகிறார். இரண்டு வாரமாக யாருமே வரவில்லை என்று பெர்கின்ஸ் சொல்கிறார். கொஞ்ச நேரம் கழித்துப் போன வாரம் ஒரு தம்பதி வந்ததாக வாய் தவறிச் சொல்லிவிடுகிறார். பால்சம் அதைப் பிடித்துக்கொள்கிற விதத்தைப் பாருங்கள். குரல் உயராது, முகம் மாறாது, நட்பான புன்னகை அப்படியே இருக்கும். வருகைப் பதிவேட்டை வாங்கி, கையில் இருக்கும் கையெழுத்து மாதிரியோடு ஒப்பிட்டு, இதுதான் அவள் என்று முடிவுக்கு வருவார். மிரட்டல் கிடையாது, அவசரமும் கிடையாது. இதைத் தினமும் செய்கிறவர், நூறு பொய்யர்களைப் பார்த்தவர். பெர்கின்ஸின் பதற்றம் அவ்வளவு எடுபடுவதற்கு எதிரில் நிற்கும் இந்த நிதானம்தான் காரணம்.

மாடிப்படிக் காட்சியின் பின்னணியையும் சொல்லிவிடுகிறேன், நீங்கள் கேட்டிருப்பதால். அதை எடுக்க வேண்டிய நாளில் ஹிட்ச்காக்குக்குக் காய்ச்சல். வரைபடங்களை வைத்து உதவியாளர்கள் சில துண்டுக் காட்சிகளை எடுத்து வைத்தார்கள்: கைப்பிடியில் நகரும் கை, படியேறும் கால்கள். ஹிட்ச்காக் அதைப் பார்த்துவிட்டு வேண்டாம் என்றார். அப்படித் துண்டு துண்டாகக் காட்டினால் ஏறுகிறவன்தான் ஏதோ தப்பு செய்யப் போகிறவன் மாதிரித் தெரிகிறான், ஒன்றும் அறியாத ஒருவன் ஏறுவதாக அல்லவா இருக்க வேண்டும் என்பது அவர் காரணம். அதனால் பால்சம் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு சாதாரணமாக ஏறி வருவது மட்டும்தான் படத்தில் இருக்கிறது. பிறர் வீட்டுக்குள் நுழைகிறோம் என்பதற்காகத் தொப்பியைக் கழற்றுகிற அந்த மரியாதைதான் அடுத்து வருவதைத் தாங்க முடியாததாக்குகிறது. பிறகு கேமரா சட்டென்று மேலே போய்விடுகிறது, தாக்க வருபவரின் முகம் தெரியாமல் இருக்க. பின்னோக்கி விழுவது தந்திரக் காட்சி. ஆள் இல்லாத படிக்கட்டில் கேமராவை இறக்கி முதலில் படமெடுத்தார்கள். அதைப் பின்திரையில் ஓடவிட்டு, முன்னால் ஒரு தனி நாற்காலியில் பால்சமை உட்கார வைத்து, நிலை தடுமாறுவது போலக் கைகளை வீசச் சொன்னார்கள்.

1961, 1962-ல் வந்தவற்றை வேகமாகச் சொல்கிறேன். 'பிரேக்ஃபாஸ்ட் அட் டிஃபனிஸ்' படத்தில் ஆட்ரி ஹெப்பர்னின் பாத்திரத்தை நடிகையாக்கப் பாடுபட்ட ஹாலிவுட் ஏஜென்ட். கொஞ்ச நேரம்தான் வருகிறார், விருந்துக் காட்சியையே தன் கைக்குள் எடுத்துக்கொள்கிறார். 'கேப் ஃபியர்' படத்தில் கிரெகரி பெக்கின் நண்பரான போலீஸ் தலைவர். சட்டத்தை மீறாமல் நண்பனுக்கு உதவ முடியவில்லையே என்று தவிப்பவர். 1964-ல் ஃபிராங்கன்ஹைமரின் 'செவன் டேஸ் இன் மே': ஜனாதிபதிக்காக ஒரு கடற்படை அதிகாரியிடம் வாக்குமூலம் வாங்கிக்கொண்டு திரும்பும் வழியில் விமான விபத்தில் இறந்துபோகிற உதவியாளர்.

இனி ஆஸ்கார். ஹெர்ப் கார்ட்னர் எழுதிய 'எ தௌசண்ட் கிளௌன்ஸ்' 1962-ல் பிராட்வேயில் ஓடிய நாடகம். 1965-ல் ஃபிரெட் கோ அதைப் படமாக எடுத்தார். ஜேசன் ரோபார்ட்ஸ் கதாநாயகன் மர்ரி. குழந்தைகள் நிகழ்ச்சிக்கு வசனம் எழுதிச் சலித்து வேலையை உதறிவிட்டு, சகோதரியின் மகனை வளர்த்துக்கொண்டு, ஊரைக் கேலி செய்துகொண்டு திரிபவர். பையனை இவரிடம் விட்டுவைக்கலாமா என்று சமூகநலத் துறையினர் விசாரிக்க வருகிறார்கள். பால்சம் மர்ரியின் கூடப் பிறந்த சகோதரர் ஆர்னால்டாக வருகிறார். மர்ரிக்கு ஏஜென்டும் அவர்தான். கோட்டு சூட்டு, அலுவலகம், மனைவி, குழந்தைகள் என்று ஒழுங்காக இருப்பவர். வரும்போதெல்லாம் பழம் வாங்கிக்கொண்டு வருகிறவர்.

படம் முழுக்க நாம் மர்ரி பக்கம்தான். சுதந்திரமானவன், புத்திசாலி, சிரிக்க வைக்கிறவன். ஆர்னால்டைப் பார்த்தால் பாவம், இவனும் ஒரு ஆளா என்று தோன்றும். அப்புறம் ஒரு கட்டத்தில் ஆர்னால்ட் திரும்பி நின்று பதில் சொல்கிறார். உனக்கு என் மேல் மரியாதை இல்லை என்று தெரியும், நான் விட்டுக்கொடுத்துப் போகிறவன்தான், காற்று அடிக்கிற பக்கம் போகிறவன்தான், ஆனால் என்னைக் கெட்டவன் என்று நீ நம்ப வைக்க முடியாது, என்னால் எவ்வளவு நல்ல ஆர்னால்டாக இருக்க முடியுமோ அவ்வளவு நல்ல ஆர்னால்டாக இருக்கிறேன் என்பது அதன் சாரம். பால்சம் இதைக் கண்ணீரோடு சொல்லவில்லை. வாதத்தில் ஜெயிக்கிற தொனியும் இல்லை. பல வருடமாக மனதில் ஓட்டிப் பார்த்த கணக்கை ஒருமுறை வாய்விட்டுச் சொல்கிற மாதிரிச் சொல்கிறார். அவர் பேசி முடிக்கும்போது கதாநாயகன் மேல் நமக்கு இருந்த மோகம் கொஞ்சம் இறங்கியிருக்கும். பிழைப்புக்காகத் தினமும் காலையில் எழுந்து போகிற கோடிக்கணக்கான ஆட்களின் சார்பில் ஒருவர் பேசிவிட்டார் என்று தோன்றும். 1966 ஏப்ரலில் நடந்த விழாவில் சிறந்த துணை நடிகருக்கான ஆஸ்கார் அவருக்குக் கிடைத்தது. கதாநாயகன் ரோபார்ட்ஸுக்குப் பரிந்துரைகூட இல்லை.

ஆஸ்கார் கிடைத்த அந்தக் காலகட்டத்தில் ஒரு பெரிய வாய்ப்பு கைக்கு வந்து நழுவியது. ஸ்டான்லி குப்ரிக் '2001: எ ஸ்பேஸ் ஒடிசி' படத்தில் ஹால் என்ற கணினிக்கு முதலில் பால்சமின் குரலைத்தான் பதிவு செய்தார். பிறகு, அந்தக் குரல் பேச்சு வழக்கு அமெரிக்கத் தொனியோடு இருக்கிறது, எந்த ஊர் என்று சொல்ல முடியாத சமனான குரல் வேண்டும் என்று கனடா நடிகர் டக்ளஸ் ரெய்னை வைத்து மாற்றிவிட்டார். குப்ரிக் செய்தது சரி என்றுதான் நினைக்கிறேன். பால்சமின் குரலில் எப்போதும் ஒரு ஊர் இருக்கும், ஒரு சம்பளக் கவலை இருக்கும். கணினிக்கு அது ஒத்துவராது.

1967-ல் பிராட்வேயில் ராபர்ட் ஆண்டர்சன் எழுதிய நான்கு குறுநாடகங்கள் ஒரே மாலையில் அரங்கேறின. அதில் நடித்ததற்காக 1968-ல் சிறந்த நாடக நடிகருக்கான டோனி விருது, பிராட்வேயின் உயர்ந்த விருது அது. துணை நடிகர் பிரிவில் அல்ல, முதன்மை நடிகர் பிரிவில். ஆக, தலைமை வேடம் தாங்க முடியாதவர் என்ற பேச்சுக்கே இடமில்லை.

1970 அவருக்கு வினோதமான வருடம். 'கேட்ச்-22' படத்தில், தன் பதவி உயர்வுக்காக வீரர்கள் பறக்க வேண்டிய தாக்குதல்களின் எண்ணிக்கையை ஏற்றிக்கொண்டே போகிற கர்னல் கேத்கார்ட். 'டோரா! டோரா! டோரா!' படத்தில் பேர்ல் ஹார்பர் தாக்கப்பட்டபோது பசிபிக் கடற்படைக்குத் தலைமை தாங்கிய அட்மிரல் கிம்மல். கப்பல்கள் எரிவதை ஜன்னலில் நின்று பார்த்துக்கொண்டிருக்கும்போது வேகம் குறைந்த ஒரு தோட்டா வந்து மார்பில் பட்டு விழுகிறது, இது என்னைக் கொன்றிருந்தால் கருணையாக இருந்திருக்கும் என்கிறார். இது உண்மையில் நடந்த சம்பவம். பால்சம் அதை ஒரு பெரிய வசனமாகச் சொல்லாமல், பக்கத்தில் நிற்பவருக்குத் தகவல் சொல்வது போலச் சொல்கிறார். மூன்றாவதாக 'லிட்டில் பிக் மேன்': போலி மருந்து விற்கும் ஏமாற்றுக்காரர், ஒவ்வொரு முறை திரையில் வரும்போதும் உடம்பில் ஏதாவது ஒரு பாகம் குறைந்திருக்கும், உற்சாகம் மட்டும் குறையாது. சுயநலக் கர்னல், நொறுங்கிப்போன அட்மிரல், நாடோடி ஏமாற்றுக்காரர், மூன்றும் ஒரே வருடத்தில்.

இந்த நேரத்தில்தான் இத்தாலி அவரைக் கதாநாயகனாக்கியது. 1960-லேயே லூயிஜி கொமென்சினியின் 'தூத்தி அ காசா' படத்தில் ஆல்பெர்டோ சோர்டியோடு நடித்திருந்தார். 1971-ல் டாமியானோ டாமியானி இயக்கத்தில் வந்த படம் ஆங்கிலத்தில் 'கன்ஃபெஷன்ஸ் ஆஃப் எ போலீஸ் கேப்டன்' என்று அறியப்படுகிறது. சிசிலியில் ஒரு மாஃபியா கட்டட முதலாளியைச் சட்டத்தால் தொட முடியவில்லை என்று தெரிந்துகொண்ட போலீஸ் அதிகாரி, அவனைக் கொல்லக்கூடிய ஒருவனை மனநல விடுதியிலிருந்து வெளியே வரச் செய்கிறார். அந்த அதிகாரி பால்சம், அவரைச் சந்தேகிக்கும் இளம் அரசு வழக்கறிஞர் பிராங்கோ நீரோ. நேர்மை ஒருவரை எங்கே கொண்டுபோய் நிறுத்தும் என்பதைக் கனமாகச் சொல்லும் படம். பால்சமின் ரசிகர்களே பலர் இதைப் பார்த்ததில்லை, அது எனக்கு உண்மையிலேயே வருத்தம்.

1974-ல் வந்த 'தி டேக்கிங் ஆஃப் பெல்ஹாம் ஒன் டூ த்ரீ' பார்த்திருக்கிறீர்களா? இல்லையென்றால் இந்தப் பத்தியைத் தாண்டிப் போய்விடுங்கள். நியூயார்க் சுரங்க ரயிலை நான்கு பேர் கடத்துகிறார்கள். நிறப் பெயர்கள்தான் அவர்களுக்கு அடையாளம். பால்சம் மிஸ்டர் கிரீன், ரயில்வேயில் வேலை போன முன்னாள் ஓட்டுநர். ரயிலை ஓட்டத் தெரிந்த ஆள் வேண்டும் என்பதற்காகச் சேர்க்கப்பட்டவர். ராபர்ட் ஷா பனிக்கட்டி மாதிரி நிற்கும்போது இவர் ஜலதோஷத்தோடு தும்மிக்கொண்டே இருக்கிறார். கடத்தல்காரருக்கு ஜலதோஷம் என்பது எழுத்தாளர் வைத்த கொக்கி. அதை ஒரு மனிதனின் பலவீனமாக மாற்றியது பால்சம். இந்த ஆளுக்கு வன்முறை பழக்கமில்லை, பயந்து போயிருக்கிறார், ரயிலின் நெம்புகோலில் கை வைத்ததும் மட்டும் பழைய தொழிலாளி ஆகிவிடுகிறார். கடைசியில் வீட்டில் பணத்தோடு தனியாக இருக்கும்போது, கடத்தல்காரர்களோடு ரேடியோவில் பேசிக்கொண்டிருந்த போலீஸ் அதிகாரியான வால்டர் மத்தாவ் விசாரிக்க வருகிறார். இனி தப்பித்துவிட்டார் என்ற நிலையில், கதவு மூடியதும் ஒரு தும்மல். ரேடியோவில் அந்தத் தும்மலை நாள் முழுக்கக் கேட்டிருந்த மத்தாவ் கதவைத் திரும்பத் திறந்து பார்க்கும் பார்வையோடு படம் முடிகிறது.

அதே வருடம் லூமெட்டின் 'மர்டர் ஆன் தி ஓரியண்ட் எக்ஸ்பிரஸ்' படத்தில் ரயில் கம்பெனி இயக்குநர் பியாங்கி. ஒவ்வொரு பயணியையும் விசாரித்து முடித்ததும் இவர்தான் கொலையாளி என்று அடித்துச் சொல்வார், அடுத்தவரைப் பார்த்ததும் இல்லை இவர்தான் என்பார். நட்சத்திரங்கள் குவிந்திருந்த அந்தப் படத்தில் அவருடைய நகைச்சுவை இலகுவாக ஓடுகிறது.

1976-ல் 'ஆல் த பிரசிடென்ட்ஸ் மென்'. வாட்டர்கேட் ஊழலை வெளிக்கொண்டுவந்த 'வாஷிங்டன் போஸ்ட்' பத்திரிகையின் நிர்வாக ஆசிரியர் ஹோவர்ட் சைமன்ஸாகப் பால்சம். ஆசிரியர் பென் பிராட்லியாக நடித்தவர் ஜேசன் ரோபார்ட்ஸ், இந்த முறை துணை நடிகர் ஆஸ்கார் அவருக்கு. உண்மையான சைமன்ஸ் அந்தச் செய்தியின் ஆரம்பத்திலிருந்தே பெரிய பங்கு வகித்தவர். ரகசியத் தகவலாளிக்கு 'டீப் த்ரோட்' என்று பெயர் வைத்தவரே அவர்தான். படத்தில் அவருடைய பங்கு சுருங்கிவிட்டது, அது அவரைப் புண்படுத்தியது. திரைக்கதை அப்படி அமைந்ததற்குப் பால்சமைக் குறை சொல்ல முடியாது. கிடைத்த இடத்தில், ஆசிரியர் கூட்டங்களில் ஒரு பார்வை, ஒரு கேள்வி என்று அவர் வைத்திருப்பது அத்தனையும் ஒரு செய்தி அறைக்காரரின் பழக்கம்தான்.

அதற்குப் பிறகு இறங்குமுகம் என்று சொன்னால் தப்பில்லை. 1979 முதல் 1981 வரை 'ஆர்ச்சி பங்கர்ஸ் பிளேஸ்' தொலைக்காட்சித் தொடரில் ஆர்ச்சியின் மதுக்கடைக்குக் கூட்டாளியான யூதராக வந்து வீடு வீடாகத் தெரிந்த முகமானார். எண்பதுகளில் 'டெத் விஷ் 3' மாதிரியான படங்களிலும் இருக்கிறார். அவற்றைத் தேடிப் பார்க்க வேண்டியதில்லை. 1991-ல் மார்ட்டின் ஸ்கோர்செஸி 'கேப் ஃபியர்' படத்தைத் திரும்ப எடுத்தபோது பழைய படத்தில் நடித்த கிரெகரி பெக், ராபர்ட் மிட்சம், பால்சம் மூவரையும் சின்ன வேடங்களில் போட்டார். பால்சம் நீதிபதி. சொந்த வாழ்க்கையில் மூன்று திருமணங்கள். இரண்டாவது மனைவி நடிகை ஜாய்ஸ் வான் பேட்டன். அவர்கள் மகள் டாலியா பால்சமும் நடிகைதான்.

சரி, ஏன் நட்சத்திரமாகவில்லை? முகத்தைக் காரணமாகச் சொல்பவர்கள் உண்டு. குட்டையான உருவம், சீக்கிரமே ஏறிய வழுக்கை, தெருவில் பார்த்தால் திரும்பிப் பார்க்கத் தோன்றாத தோற்றம். ஆனால் அதே தலைமுறையில் எர்னஸ்ட் போர்க்னைன், வால்டர் மத்தாவ் எல்லாம் அழகை வைத்து முன்னுக்கு வந்தவர்கள் இல்லை. நான் வேறு காரணம் சொல்வேன். நட்சத்திரம் என்பவர் எந்தப் படத்தில் வந்தாலும் அவராகவே வர வேண்டும், அதற்காகத்தான் ஜனங்கள் டிக்கெட் வாங்குகிறார்கள். பால்சமின் நடிப்பு நேர் எதிர்த் திசையில் போகிறது. அவர் தன்னை அழித்துக்கொண்டு அந்த வேலைக்காரரை முன்னால் நிறுத்துகிறார். எதிரில் இருப்பவர் பேசுவதைக் கவனமாகக் கேட்கிறார், அதனால் எதிரில் இருப்பவர் நன்றாகத் தெரிகிறார். பெர்கின்ஸ், ஃபோண்டா, ரோபார்ட்ஸ் மூவருமே இவரோடு வரும் காட்சிகளில் ஒரு படி மேலே நடிக்கிறார்கள். இந்தக் குணம் உள்ளவரை ஒரு படத்தின் மையத்தில் நிறுத்த ஹாலிவுட்டுக்குத் தெரியவில்லை. இத்தாலியர்களுக்கும் பிராட்வேக்கும் தெரிந்திருந்தது.

அடுத்து எதைப் பார்ப்பது என்று நினைத்தால், 'எ தௌசண்ட் கிளௌன்ஸ்' படத்திலிருந்து தொடங்குங்கள், பிறகு 'பெல்ஹாம்', அதன் பிறகு டாமியானியின் போலீஸ் படம். நேரம் இருந்தால் 1959-ல் டெல்பர்ட் மான் இயக்கிய 'மிடில் ஆஃப் தி நைட்' படத்தையும் சேர்த்துக்கொள்ளுங்கள். பேடி சயெஃப்ஸ்கி எழுதிய அந்தக் கதை முதலில் டி.வி. நாடகமாக வந்து, பிராட்வேக்குப் போய், கடைசியில் சினிமாவானது. மேடையிலும் படத்திலும் பால்சம் இருந்தார்.